கடல் தண்ணீரில் குளித்த இரும்பு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான். நான். என் மனைவி. அவளுடைய தம்பி. துரையின் படகைப் பார்த்துக்கொள்ளும் டிண்டல். படகைத் தூக்கி நகர்த்த வந்த கட்டுமரக்காரர்கள் எட்டுப் பேர், அவர்களுக்குத் தலைவர் ஒருவர், ஆக ஒன்பது. பெயிண்டும் எண்ணெயும் விற்கும் வண்ணாரப்பேட்டை பாய், கொஞ்ச நேரம். மொத்தம் பதினான்கு பேர். துரை இல்லை. பதினான்கு பேரில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் ஒருவர் விடாமல் எண்ணி வைத்திருக்கிறேன்.

ராயபுரம் கடற்கரையில், துறைமுகச் சுவருக்கு வடக்கே, மணலில் அந்தப் பாய்மரப் படகு நின்றது. தை மாதம். இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, அடியில் மரக்கட்டைகள் வைத்து நிறுத்தியிருந்தோம். நம் தோணிகளுக்கு அடியில் நீளமாக ஓடும் ஏரா மரத்தால் ஆனது. இந்தப் படகுக்கு ஏராவே இரும்பு. ஒரே வார்ப்பு. காற்று அடித்தால் கவிழாமல் இருப்பதற்கு அந்தப் பாரம். கட்டுமரக்காரர்களின் தலைவருக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு.

"மிதக்கறதுக்கு இரும்பாம்! நம்ம மரத்துக்கும் ஒரு தண்டவாளத்த கட்டி வுட்டா இன்னா?"

"நீ ஏறுனாலே போதும் நைனா, தண்டவாளம் வேற எதுக்கு?" என்றான் அவருடைய ஆள் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானத்தைப் பார்த்தேன், வெயிலைப் பார்த்தேன், இரும்பைப் பார்த்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் துரு தட்டும் வேலை. கார்த்திகையில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் டிண்டல் கூப்பிட்டார்.

"சனிக்கிழம பந்தயம். அதுக்குள்ள படகு தண்ணில எறங்கணும். அடி இரும்பு நல்லா வந்துச்சுன்னா, துரைக்கும் அவரு தோஸ்துங்களுக்கும் நாலு படகு கீது, நாலையும் உன்கிட்ட வுட்டுருவாரு. மாசம் பதினஞ்சு ரூபா. நல்லா வர்லன்னா என் மானம் போச்சு. உன்னுது ஏற்கெனவே இல்ல."

இந்த வேலைக்குக் கூலி இருபத்துநான்கு ரூபாய். சரக்கும் தூக்குகூலியும் என் பொறுப்பு. நான்கு ரூபாய் முன்பணம். எனக்கு இருபத்துநான்கு பெரிதாகத் தெரியவில்லை. அந்த மாசம் பதினைந்துதான் காதிலேயே இருந்தது. பாய் கடையில் பதின்மூன்று ரூபாய் ஆறணாவுக்குக் கடனாகச் சரக்கு எடுத்தேன். ரெட்லெட் என்று நாங்கள் சொல்லும் ஈயச் செந்தூரப் பொடி, ஆளிவிதை எண்ணெய், தார், கம்பி பிரஷ் இரண்டு.

எடுத்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. எண்ணெய் பத்துமா, மழை வந்துவிடுமா, முட்டு சரியுமா, மச்சான் குடித்துவிட்டு வராமல் இருந்துவிடுவானா என்று புரண்டுகொண்டே கிடப்பேன். "நீ தூங்கலன்னா துரு போய்டுமா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். இப்படி ஆயிரம் பயப்பட்டேனே, நடந்தது அந்த ஆயிரத்தில் இல்லை.

நானும் மச்சானும் நான்கு நாள் சுத்தியலால் தட்டினோம். துரு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் கீழே கறுப்புத் துரு, அதற்கும் கீழே குழிகள். குழிக்குள் ஆணி நுனியால் நோண்டினோம். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பக்கமும் தோசைக்கல் தேய்த்து வைத்த மாதிரி வெளுத்தன. மீதி, அடியில் கட்டைகள் தாங்கிய இடங்கள் மட்டும்தான். படகை ஒரு முழம் தூக்கி, கட்டைகளை நகர்த்திவைத்தால் அந்த இடமும் வெளியே வரும். தட்டிவிட்டு, வெயில் இருக்கும்போதே மொத்தத்துக்கும் ரெட்லெட் பூசிவிடலாம். பூச்சு இல்லாத பச்சை இரும்பை ராத்திரிப் பனியில் விடக்கூடாது.

தூக்கத்தான் ஒன்பது பேர் வந்தார்கள். பாயும் மீதி எண்ணெய் டின்னோடு ஜட்காவில் வந்து இறங்கினார். "என் சரக்கு படகுக்குப் போவுதா, வேற எங்கனா போவுதான்னு பாக்க வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தலைவர் படகில் கை வைக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"குளிப்பாட்னீங்களா?"

"எத?"

"படகத்தான். ரிப்பேரு ஆன படகு, கடலம்மா தண்ணி படாம எவனும் தோள் குடுக்க மாட்டான் மேஸ்திரி. எங்க வழக்கம்."

நான் வாயைத் திறப்பதற்குள் எட்டுப் பேரும் குடங்களோடு அலைக்குப் போய்விட்டார்கள். மர ஏராவுக்கு அது நல்லதுதான். மரம் உப்புத்தண்ணீர் குடித்தால் இறுகும். அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்தது மரம். இரும்புக்கு அது விஷம். பட்டறையில் ஃபோர்மேன் முதல் நாளே சொன்ன விஷயம்: பூசுவதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவு, துடை, காயவிடு, விரலால் தொட்டு நாக்கில் வை, உப்புக் கரித்தால் மறுபடி கழுவு. நாக்கில் வைக்காமல் பூசியவனை அங்கேயே வேலையைவிட்டு நிறுத்துவார்.

குடம் குடமாக ஊற்றினார்கள். மஞ்சள் தடவினார்கள். தேங்காய் உடைத்தார்கள். டிண்டல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் "வேணாம்" என்று சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவார்கள். போனால் கட்டையை யார் நகர்த்துவது, சனிக்கிழமை யார் படகைத் தண்ணீரில் தள்ளுவது? நானும் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு தோள் கொடுத்துத் தூக்கினார்கள், கட்டைகளை நகர்த்தினோம். மச்சான் அந்த இடங்களைத் தட்டினான். தூக்கின களைப்பில் ஒன்பது பேரும் கடல் பக்கம் படகு நிழலில் உட்கார்ந்து, தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டு பீடி பிடித்தார்கள்.

மனைவி கஞ்சியோடு ஒரு குடம் குடிதண்ணீர் கொண்டுவந்திருந்தாள். நான் ஊர்ப் பக்கமாகப் போய் இரும்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. குடத்தைச் சாய்த்து, சத்தம் வராமல், கையால் வழித்து வழித்து ஊர்ப் பக்கம் முழுவதையும் கழுவினேன். மேல்துண்டால் துடைத்தேன். மறுபடி நாக்கில் வைத்தேன். சுத்தம். குடத்தில் பாதி மீதி இருந்தது.

"அந்தப் பக்கம்?" என்றாள் மனைவி.

அந்தப் பக்கம் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடலம்மா தண்ணீரை அவர்கள் கண் முன்னால் நான் கழுவிவிட முடியுமா?

"பேசாம இரு."

"இன்னா பேசாம இரு? தண்ணி கீதே."

"வூட்டுக்கு எடுத்துக்கினு போ."

அவள் அரைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவர்கள் எழுந்து போனதும் கழுவலாம் என்று நினைத்தேன். அவர்கள் எழுந்திருக்கவில்லை. வெயில் இறங்கிற்று. கடல் பக்கத்தைக் காய்ந்த சாக்கால் அழுத்தித் துடைத்தேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடுமே. பூசினோம். பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு. "மாமா, கல்யாணப் பொண்ணு மாதிரி கீது" என்றான் மச்சான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஓடினேன். ஊர்ப் பக்கம் பிடித்திருந்தது. கடல் பக்கம் பூராவும் சின்னச் சின்னக் கொப்புளம். கட்டைவிரலால் அழுத்தினேன். பால் ஆடை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் கீழே மஞ்சள் துரு, ஒரே ராத்திரியில். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து ரூபாய், பதினைந்து ரூபாய் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு எழுந்து பாய் கடைக்கு ஓடினேன்.

"இன்னாப்பா, வாங்குன சரக்கு அதுக்குள்ள தீந்துடுச்சா? துன்னுட்டியா?"

"பாய், ஒரு பக்கம் உரிஞ்சிகிச்சு."

அவர் கணக்கு நோட்டை எடுத்தார். இன்னும் நான்கு ரூபாய் இரண்டணாவுக்குக் கொடுத்தார். மச்சானும் நானும் வெறிபிடித்த மாதிரி சுரண்டினோம். மனைவி மூன்று நடை தண்ணீர் சுமந்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிக்கவில்லை. ஆனால் பூசி முடிக்கும்போது பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. மேலே தார் பூச நேரமே இல்லை.

சனிக்கிழமை காலையில் கடல் பக்கம் தொட்டால் கையோடு வந்தது. ஒன்பது பேரும் வந்து உருளைக்கட்டைகளைப் போட்டார்கள். துரையும் வந்தார். படகைச் சுற்றி நடந்தார். ஊர்ப் பக்கத்தைச் சாவியால் கீறினார். ஒன்றும் ஆகவில்லை. தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டலில் எனக்கு உயிர் வந்தது. கடல் பக்கம் போனார். கீறினார். பட்டை பட்டையாக வந்தது. சாவியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொன்னார். டிண்டல் என்னைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்:

"ஒரு பக்கம் வேலைக்காரன் செஞ்சிருக்கான், இன்னொரு பக்கம் திருடன் செஞ்சிருக்கான்றாரு. பாதி வேலைக்குப் பாதிக் கூலி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலைவர் பக்கத்திலேயே நின்றார். அவரே குனிந்து அந்த இரும்பைப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, நாங்க குளிப்பாட்டியும் இப்டி கீதே. கெட்ட இரும்புப்பா இது" என்று மனசார வருத்தப்பட்டார். நான் "ஆமா" என்றேன்.

படகு தண்ணீரில் இறங்கிற்று. இரும்பு தண்ணீருக்குள் போனதும் ஊர்ப் பக்கம், கடல் பக்கம் எல்லாம் ஒன்றாகிவிட்டது. பந்தயத்தில் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. நான்கு படகு வேலையும் வேறு ஒருவருக்குப் போயிற்று. அடுத்த வருஷம் படகைக் கரையேற்றியபோது ஊர்ப் பக்கம் அப்படியே இருந்ததாக டிண்டல் சொல்லி அனுப்பினார். எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. அன்றைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை.

பாதிக் கூலி பன்னிரண்டு. முன்பணம் போக எட்டு கைக்கு வந்தது. அதில் மூன்று ரூபாயைத் தூக்குகூலியாகக் கொடுத்தேன். மச்சான், "எனக்கு வேணாம் மாமா" என்றுவிட்டான். மீதி ஐந்தையும் நேராகப் பாய் கையில் வைத்தேன். பிறகு கிடைத்த கூலி வேலைகளில் மாசம் ஒரு ரூபாயாக ஐந்து மாசம் கட்டினேன். ஆறாவது மாசம் போனபோது கடை பூட்டியிருந்தது. பாய் மகளோடு இருக்க வேலூர்ப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது ஏழு ரூபாய் எட்டணா.