இடுப்பளவுக் காடு

சென்ற மாதம் என் மகள் பள்ளியிலிருந்து இயற்கை முகாமுக்குப் போய்வந்தாள். கேமரன் மலைக்குத்தான். போகும்போது ஒரு பை, வரும்போது மூன்று. மரப்படம் போட்ட சட்டை, இவள் இயற்கையை நேசிப்பவள் என்று அச்சடித்த சான்றிதழ், கியா பார்ம் கடையில் வாங்கிய ஸ்ட்ராபெரி, அப்புறம் சின்னத் தொட்டியில் ஒரு தேயிலைக் கன்று. "மரத்தத் தொட்டுப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். "தொடக்கூடாதுன்னு கயிறு கட்டிட்டாங்கப்பா" என்றாள். சரி, காலம் அப்படி.

தொட்டியைப் பால்கனியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே நின்றவன், என் கை என்ன செய்கிறது என்று எனக்கே தெரியாமல் கன்றின் கொழுந்தைக் கிள்ளிவிட்டேன். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். விரலில் பச்சை வாசனை ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. இந்தப் பழக்கம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல, பள்ளிக்கூடத்தில் தொற்றியது. நான் படித்த பள்ளியில் அல்ல, சொல்லிக் கொடுக்கப் போன பள்ளியில்.

நான் ஈப்போ டவுன்காரன். படிப்பு முடிந்து தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தபோது, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி என்றார்கள். மலை என்றால் குளிரும் என்பது படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெல்லிய சட்டைகள் நாலைந்தோடு போய் இறங்கினேன். முதல் வாரம் முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன். "சார் நல்ல குண்டு" என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வெயில் அடித்த ஒரு நாள் ஒற்றைச் சட்டையில் போனபோது, எனக்கு உடம்பு சரியில்லை என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து யாரோ ரசம் கொடுத்தனுப்பினார்கள்.

பள்ளியில் நான்கு வகுப்பறைகள். பின்னால் செங்குத்தான மண்சரிவு. தலைமையாசிரியை ரோசலின் டீச்சர் அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே பள்ளியில் படித்து, அதே பள்ளிக்குத் தலைவியாக வந்தவர். கல்யாணத்துக்கும் இரண்டு பிரசவத்துக்கும் தவிர லீவு போட்டதில்லை என்பார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் போட்டாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் போவதற்கு முந்தைய மழையில் சரிவிலிருந்து சேறு இறங்கி, ஜன்னல் வழியாக ஒன்றாம் ஆண்டு வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கல்வி இலாகாவிலிருந்து வந்த மலாய்க்கார அதிகாரி பார்த்துவிட்டு, அடுத்த மழைக்குள் மண்ணைப் பிடித்து நிறுத்த ஏதாவது செய்யாவிட்டால் பள்ளியை மூடிப் பிள்ளைகளைத் தானா ராத்தா டவுனுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார். அவர் பேரில் தப்பில்லை. ஆனால் தானா ராத்தா பள்ளிக்கு விடியும் முன்னே வேன் ஏற வேண்டும். அப்பா அம்மா இருவரும் அந்த நேரத்தில் கொழுந்து மலைக்குப் புறப்பட்டிருப்பார்கள். சின்னதுகளை எழுப்பி ஏற்றிவிட ஆள் ஏது? பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்று ரோசலின் டீச்சருக்குத் தெரியும்.

"மரம் நடுவோம் சார்," என்றார் டீச்சர். "நீங்கதானே அறிவியல் சார். பிள்ளைங்களுக்கும் பாடமா போயிரும்லா."

காட்டிலாகாவில் கேட்டு வாங்கிய மலைக்காட்டு மரக்கன்றுகள் கறுப்புப் பைகளில் லாரியில் வந்தன. மரம் எப்படி மண்ணைப் பிடிக்கும் என்பதைக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணாம்பில் வரைந்து பாடம் எடுத்தேன். வேர் சிவப்பு, மண் மஞ்சள். அதற்குள் பிள்ளைகள் வெளியே போய்க் குழி வெட்டி முடித்திருந்தார்கள். வரிசை பிசகாமல், சரிவுக்குக் குறுக்கே, கைப்பிடி மண் வீணாகாமல். நான் ஒரு குழி வெட்டினேன். அதை அவர்கள் மூடிவிட்டு வேறு வெட்டினார்கள்.

மூன்றாம் ஆண்டு கஸ்தூரி என்றொரு பெண். அவள் அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா மருந்தடிப்பவர். அவளைக் கன்றுகளுக்குப் பொறுப்பாக வைத்தேன். தினமும் ஓய்வு நேரத்தில் ஒரு படையைக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறுவாள். நான் கீழே நின்று டீச்சரின் இஞ்சித் தேநீரைக் குடித்தபடி மேற்பார்வை செய்வேன்.

மாதங்கள் போயின. கன்றுகள் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் உயரவும் இல்லை. பக்கவாட்டில் மட்டும் புஷ்டியாகப் பரவின. குளிர்தான் காரணம் என்று முதலில் முடிவு செய்தேன். பிறகு மண். கடைசியில், கொடுத்ததே குட்டை ரகம் என்று சந்தேகப்பட்டுக் காட்டிலாகாவுக்கே போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர், நான் எந்தப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன் என்று கேட்டார்.

மழைக்கு முன் அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டையோடு சரிவில் ஏறி நின்று பார்த்தார். பிள்ளைகளின் இடுப்பளவில், மேசைவிரிப்பு விரித்ததுபோல, ஒரே மட்டமாகக் காடு. "சிக்கு, இனி ஹூத்தான் கே, பாகார்?" என்றார். வாத்தியாரே, இது காடா வேலியா என்று அர்த்தம். பிறகு குனிந்து ஒரு கிளையைப் புரட்டிப் பார்த்து, நுனிகளையெல்லாம் யார் வெட்டியது என்று கேட்டார்.

நான் கேள்வியைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், பள்ளி முழுக்கக் கை தூக்கியது. ஒன்றாம் ஆண்டில் ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான்.

"கிள்ளிவிட்டாத்தான் சார் கெளைக்கும்," என்றாள் கஸ்தூரி, இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு. "விட்டா வெறப்பா மேல போயிரும். அப்பறம் எட்டாது. நாங்க வாரா வாரம் கம்பு வச்சு மட்டம் பாத்துத்தான் கிள்ளுனோம்."

அட கடவுளே என்று தலையில் கை வைத்தேன். ரோசலின் டீச்சர் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரியுமா என்று பிற்பாடு கேட்டேன். "நல்லாத்தானே வச்சிருக்குங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். அவரும் அந்த லயத்துப் பிள்ளைதானே!

அதிகாரி நல்ல மனுஷன். சிரித்தார். வேர் பிடித்திருப்பதால் இந்த மழைக்கு மேல்மண் தாங்கலாம், ஆனால் மரமாகாவிட்டால் ஆழத்துக்கு வேர் போகாது, அடுத்த ஆண்டும் இப்படியே இருந்தால் மூடத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தார், மூடினார்.

இனி யாரும் கிள்ளக்கூடாது என்று உத்தரவு போட்டேன். சரி சார் என்றார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் புதுக் கொழுந்தைக் காணோம். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். கை தானாகப் போகிறது. பிறந்ததிலிருந்து அவர்கள் பார்த்த செடியெல்லாம் இடுப்போடு நிற்பவை. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. தோட்டத்தின் மேல் எல்லையில், யாரும் கொழுந்து எடுக்காமல் காட்டோடு விட்டுவிட்ட பழைய தேயிலை இருப்பதாகக் கங்காணி ஒருமுறை சொல்லியிருந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் அட்டை. அட்டை ஒட்டாமலிருக்க அவர்கள் காலில் சோப்பைப் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம்.

மேலே ஒரு தோப்பு. பாசி பிடித்த அடிமரங்கள், தலைக்கு மேலே இருட்டாக இலைக்கூரை. "இது என்ன மரம்?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "தேயிலை" என்றேன்.

"போங்க சார்," என்றாள் கஸ்தூரி. "தேயிலைக்கு அவ்ளோ வளரத் தெரியாது."

கீழே உதிர்ந்து கிடந்த வெள்ளைப் பூவை எடுத்து அவள் கையில் வைத்தேன். முகர்ந்தாள். தாழ்ந்த கிளையிலிருந்து ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள், கடித்தும் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். மற்றவர்களும் அண்ணாந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை நேரம் சத்தமில்லாமல் இருந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"அப்ப நம்மதான் வளர வுடாம வச்சிருக்கோமா சார்?"

"ஆமா. அதுலதான் உங்கம்மாவுக்குச் சம்பளம்."

அவள் அதை ஏற்றுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். இறங்கி வரும்போது யாரும் எதையும் கிள்ளவில்லை. மறுநாளிலிருந்து சரிவில் ஏறுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும் என்பது சட்டம். நான் போட்டதில்லை, கஸ்தூரி போட்டது. கையைக் கட்டாமல் ஏறி, என்னை அறியாமல் ஒரு கொழுந்தில் கை வைத்த என்னை ஒருநாள் பாதியில் இறக்கிவிட்டாள்.

மரங்கள் மளமளவென்று ஏறின. அந்த ஆண்டு மழையை மண் தாங்கியது. அடுத்த ஆண்டு வந்தது பேய்மழை. ஒரு பகல் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் ஜன்னலில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே ஒரு இடத்தில் மண் நகர்ந்தது. டீச்சர் என் தோளைப் பிடித்தார். நகர்ந்த மண் முதல் வரிசை மரங்களில் மோதி நின்றது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மழை கேட்கவில்லை. டீச்சர் அழுதார், நானும்தான். அதிகாரி வந்து பார்த்து, பள்ளி இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த ஆண்டின் இறுதியில் என் தற்காலிகம் முடிந்து ஈப்போ திரும்பினேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான். கஸ்தூரி குடும்பம் கிள்ளான் பட்டணத்துப் பக்கம் போனது. ஒவ்வொரு லயமாகக் காலியானது. கொழுந்து எடுக்க வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் தனியாட்கள் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் அவரவர் நாட்டில் படித்தார்கள். வகுப்பில் ஆள் இல்லாத பள்ளியை மூடி, அதன் பெயரை மட்டும் பிள்ளைகள் இருக்கிற வேறு ஊருக்குக் கொண்டு போனார்கள். பலகையை லாரியில் ஏற்றும்போது டீச்சர் கூடவே நின்றாராம்.

மகளிடம் திட்டு வாங்கிய அந்த வார இறுதியில் மலைக்குப் போனேன். பள்ளிக் கட்டடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பின்னால் கூரைக்கு மேலே, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் மரங்கள். சரிவில் ஒரு பிடி மண் உதிரவில்லை. ஒரு பிள்ளைகூட இல்லாத இடத்தில் அப்படியொரு பத்திரம். எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் தானா ராத்தாவில் மகன் வீட்டில் இருக்கும் ரோசலின் டீச்சரைப் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது. தேநீர் கொடுத்துவிட்டு, "அங்க போனீங்களா சார்? மண்ணு எப்படி இருக்கு?" என்றார்.

"அசையல டீச்சர். அப்படியே இருக்கு."

என் தம்ளரில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

"மண்ணு சரிஞ்சி பள்ளிய மூடியிருந்தாங்கன்னா மனசு ஆறியிருக்கும்லா சார்," என்றார்.

தம்ளரைக் கீழே வைத்தேன். "மழ விட்டுருச்சி டீச்சர், நான் கெளம்புறேன்" என்று எழுந்தேன். "சரி, பாத்துப் போங்க" என்றார் அவரும். மழை விட்டிருக்கவில்லை.