அஞ்சலாட்சியின் வாடகைக் கயிறு

மீன்காரி அஞ்சலாட்சிக்கு நான் ஐம்பத்து நான்கு ரூபாய் கடன்பட்டிருந்தேன். இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். மில்லில் தறி ஓட்டி, மேஸ்திரியாகி, முத்தியால்பேட்டையில் ஐந்து அறை கட்டி வாடகைக்கு விட்டேன். எங்கள் தெருவில் வேறு யார் கட்டினார்கள்? கணக்கெல்லாம் தலைக்குள்தான். நோட்டும் கிடையாது, ரசீதும் கிடையாது.

அஞ்சலாட்சி வீராம்பட்டினத்துக்காரி. புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு, இரண்டு பெண்களோடு 1957 ஆவணியில் என் கடைசி அறைக்கு வந்தாள். வாடகை ஆறு ரூபாய். முன்பணம் அறுபது வாங்கினேன். மாதம் பிறந்தால் விடியலில் மீன்கூடையோடு மில் வாசலுக்கே வந்து பணம் கொடுப்பாள். கூடவே ஒரு வலைக்கயிற்றை நீட்டி, "உன் சட்டையில ஒட்டியிருக்கிற நூலு ஒண்ணு கட்டு மேஸ்திரி" என்பாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கட்டுவேன்.

1961இல், சென்னையைப் போல இங்கும் வாடகைச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு. காரணமில்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாதாம். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதாம்.

"சட்டம் வந்துட்டா அவங்கதான்யா வூட்டுக்காரங்க, நீ குடித்தனக்காரன்" என்று சிரித்தான் கூட்டாளி உத்திராபதி. "இப்பவே காலி பண்ண சொல்லு."

அஞ்சலாட்சியிடம் போய்ச் சொன்னேன். "ஐப்பசியிலேர்ந்து பத்து மாசம் பாக்கி நிக்குது. அட்வான்ஸ்ல கழிச்சிக்கிறேன், காலி பண்ணு."

பாக்கி என்றுதான் நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது.

அவள் உள்ளே போய் அந்த வலைக்கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"எனக்கு எழுத்து தெரியாது. உனக்கு நூலு தெரியுமில்ல? பாத்துக்கோ."

நாற்பத்தெட்டு நூல். ஐப்பசியில் ஓடிய கரைச் சிவப்பு. தையில் ஓடிய கைலிப் பச்சை. மாசியில் சாயம் சரியாகப் பிடிக்காமல் வீணாய்ப்போன நீலம். அது எங்கள் மில்லைத் தவிர வேறெங்கும் கிடையாது. எந்த மாதம் எந்த நூல் ஓடியது என்பதை நான் எப்படி மறப்பேன்? ஒரு மாதம் விடவில்லை. எத்தனையோ கணக்குப்பிள்ளைகளைப் பார்த்தவன் நான். இப்படி ஒரு பேரேட்டைப் பார்த்ததில்லை.

"சட்டம் வந்துட்டுதா மேஸ்திரி?" என்றாள்.

"இன்னும் வரல. நீ இங்கேயே இரு."

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அவள் முன்பணத்தில் ஒரு மாத வாடகையை நிறுத்திக்கொண்டு மீதியை எடுத்து வந்தேன். செதில் ஒட்டிய கையை நீட்டினாள். ஐம்பத்து நான்கையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.