அண்ணன் போட்ட கட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அண்ணன் மெட்ராஸிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கிவந்தான். உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் ஊரில் அவ்வளவு பளபளப்பான மரப்பெட்டியை யாரும் பார்த்ததில்லை. அவற்றை வைக்க உயரமாக இரண்டு மர ஸ்டாண்டு செய்தான். கன்றுக்குட்டி இடித்தால் விழுந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம்.

"நாலு ஆணி அட்ச்சுடேன்டா" என்றாள்.

"ஆணி அட்ச்சா பொட்டி பாழாப் பூடும்மா. ஒரு கீறல் படக்கூடாது."

பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, பெட்டியையும் ஸ்டாண்டையும் சேர்த்து இழுத்துக் கட்டினான். ரப்பர் வார்னிஷில் ஒட்டாமலிருக்க இடையில் பவுடர் தூவினான். மாதம் ஒருமுறை அவிழ்த்துத் துடைத்து, மறுபடி தூவிக் கட்டுவான். என் பவுடர் டப்பா காலியாகிறதே என்று நான் எரிந்து விழுவேன்.

மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்விட்டான். துக்க வீட்டில் ஒரு வருஷம் பாட்டுச் சத்தம் கூடாது. அவன் கையால் போட்ட முடிச்சு என்று அந்தக் கட்டையும் நாங்கள் தொடவில்லை.

வருஷத் தெவசம் முடிந்த பிறகு நான் அவிழ்த்தேன். தகரக் கூரையின் சூட்டில் ரப்பர் இளகி ஒட்டிப்போயிருந்தது. இழுத்ததும் வார்னிஷ் உரிந்து வந்தது. பெட்டியைச் சுற்றிக் கறுப்பாகத் தழும்பு.

அம்மா ஓடிப்போய்ப் பவுடர் டப்பாவை எடுத்துவந்து அதன்மேல் கொட்டித் தேய்த்தாள்.

"இனிமே தேச்சு இன்னாம்மா பண்றது?" என்று கத்தினேன்.

அவள் நிமிரவில்லை.

"அவன் வந்து கேட்டா நான் இன்னாடி சொல்லுவேன்?"