பூங்காவனம் சொன்ன பேர்

பாடாலூருக்கு மேற்கே பூங்காவனத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளுடைய கோபத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆட்டிடம் கோபம், அடுப்பிடம் கோபம், பெய்யாத வானத்திடம் கோபம். அவ்வளவு வாய் பேசுகிற மனுஷி, கட்டிய புருஷன் பேரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் எந்தப் பெண்தான் சொன்னாள்? அவர் பேர் அழகேசன். அதனால் ஒரு சேலையைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டாள். லட்சணமாக இருக்கிறது என்பாள். யுத்த காலத்தில் ரேஷன் கார்டு எழுத வந்தவர் புருஷன் பேரைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் பேனாவை மூடிவிட்டார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

யுத்தம் முடிந்தும் பஞ்சம் முடியவில்லை. புழுத்த சோளத்தையே தின்று தின்று அழகேசனுக்கு மாலைக்கண் வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் எதிரே இருக்கிற சுவர் தெரியாது. அவருக்கு வேலை என்ன தெரியுமா? பண்ணையார் களத்தில் ராக்காவல்! நாய் குரைக்கிற பக்கம் திரும்பி, யாரது என்று அதட்டியே காலத்தை ஓட்டினார். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பெண்டாட்டி வாயையும் கட்டிப்போட்டிருந்தார். உள்ளதைச் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது பூங்காவனத்துக்கு நெஞ்சில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

மழை பொய்த்த வருஷங்களில் அந்த ஊரில் ஒரு வழக்கம். சித்திரா பௌர்ணமியன்று வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை மலையேறிச் சாமியிடம் முறையிட வேண்டும். மலை என்றால் பச்சை மருந்துக்கும் கிடையாது. காய்ந்த புல், வெடித்த பாறை, தண்ணீரையே மறந்துபோன ஓடைகள், அவ்வளவுதான். வழி தெரிந்தவர் பூசாரி கொளஞ்சியப்பன் ஒருவரே. அவர் முன்னால் போவார், மற்றவர்கள் வரிசையாகப் பின்னால் போவார்கள். விளக்கு கூடாது, நிலா வெளிச்சமே போதும். மலைமேல் யார் பேரையும் யாரும் சொல்லக்கூடாது. பேர் காதில் விழுந்தால் மலை அந்த ஆளை வைத்துக்கொள்ளுமாம். அதனால் ஏறுகிற எல்லாருக்கும் ஒரே பேர், சாமி. பூசாரி முன்னாலிருந்து “சாமி” என்பார், வரிசை மொத்தமும் “சாமி” என்று பதில் கொடுக்கும். பெண்கள் அடிவாரத்தில் பொங்கல் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

அழகேசன் போகவேண்டாம் என்று பூங்காவனம் ஒற்றைக்காலில் நின்றாள். ஆள் அனுப்பாத வீட்டால்தான் மழை வரவில்லை என்று ஊர் ஏசும், ஏன் வரவில்லை என்று பண்ணையார் கேட்பார் என்றார் அவர். நிலா பகல் மாதிரி அடிக்கும், முன்னால் போகிறவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொன்னார்.

“சொந்த வூட்டுப் படி தெரியல, மலை தெரியப்போவுதா உங்களுக்கு?” என்றாள். மனுஷன் காதில் வாங்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நிலா உச்சிக்கு வந்தபோது வரிசை இறங்கியது. பொங்கல் வாசனையில் ஆளாளுக்கு இலையைத் தேடினார்கள். பூங்காவனம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் இல்லை. பூசாரியிடம் போய்க் கேட்டால், எல்லாச் சாமியும் இறங்கியாச்சு என்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் குரல் கொடுத்தாராம், பதில் நிறைவாக வந்ததாம். எல்லாரும் ஒரே வார்த்தையைக் கத்தினால் அதில் ஒருவன் குரல் இல்லாததை எந்தக் காது கண்டுபிடிக்கும்? இப்படி ஒரு கூத்தை எங்கேயாவது கேட்டதுண்டா?

“அவருக்கு மாலக்கண்ணுய்யா” என்று பூங்காவனம் கூட்டத்தின் நடுவே போட்டு உடைத்தாள். பண்ணையாரின் கணக்குப்பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். இருக்கட்டுமே, வேலையா பெரிசு?

ஆண்கள் எழுந்துபோய் மலையைப் பார்த்துச் “சாமி, சாமி” என்று கத்தினார்கள். எல்லாப் பாறையும் அதையே திருப்பிக் கத்தியது. பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். சொன்னால் ஆளை உயிரோடு பார்க்க முடியாது, விடியட்டும் தேடலாம் என்றார் பூசாரி. அழகேசனோடு கோலி விளையாடி வளர்ந்தவர்கள், அவர் கல்யாணத்தில் விழுந்து விழுந்து சாப்பிட்டவர்கள், எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கே இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

“விடியற வரைக்கும் உங்க சாமிய நீங்க பாத்துக்குங்க. எம் புருஷன நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, பெண் ஏறக்கூடாத மலையில் ஏறினாள்.

முதலில் அவளும் “ஏங்க, ஏங்க” என்றுதான் கூப்பிட்டாள். அடிவாரத்தில் பாதி ஆண்கள் தலையைத் தூக்கினார்கள். ஊரில் அத்தனை புருஷன்மாருக்கும் அதுதானே பேர்! இரண்டாவது திருப்பத்தில் ஒரு பாறைமேல் ஏறி நின்றாள். பேர் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று தாய் சொல்லி வளர்த்திருந்தாள். தாய்மேலும் கோபம் வந்தது, மலைமேலும் வந்தது, துண்டை உதறிக்கொண்டு கிளம்பிய அந்த மனுஷன்மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

“அழகேசா! அடேய் அழகேசா!”

ஓடைப் பக்கமிருந்து மெல்லிசாகப் பதில் வந்தது. “இங்கதான்டி இருக்கேன்.”

ஏறும்போதே அவர் கையிலிருந்து முன்னால் போனவன் வேட்டி நழுவியிருக்கிறது. நாலாபக்கமும் சாமி, சாமி என்று கேட்க, எது ஆள், எது பாறை என்று தெரியாமல் குரல் வந்த பக்கமெல்லாம் தவழ்ந்திருக்கிறார். அவள் போய்ப் பார்த்தபோது அவருடைய ஒரு கை பாறை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. கீழே ஓடை வாயைப் பிளந்து கிடந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதாள்.

காவல் வேலை மறுநாளே போயிற்று. அந்த வருஷமும் மழை இல்லை, பழி அவள் தலையில் விழுந்தது. புருஷன் பேர் சொன்னவள் என்று பெண்கள் கிணற்றடியில் இடித்துப் பேசுவார்கள். “ஆமா, சொன்னேன், வூட்டுக்கு வந்துட்டாரு” என்பாள்.

அழகேசன் சுண்ணாம்புக்கல் வெட்டும் பகல் வேலைக்குப் போனார். பொழுது சாய்கிற நேரத்தில் தெருமுனைக்கு வந்ததும் கண் இருட்டிவிடும். பூங்காவனம் வாசலில் நின்று ஊர் கேட்கப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், அவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார். அதற்குப் பிறகு நல்ல மழை பெய்தது, முருங்கை தழைத்தது, கீரை தின்று கண்ணும் தெளிந்தது. ராத்திரியில் ஊசியே கோத்தார் மனுஷன். அப்போதும் அவள் கூப்பிடுகிறவரை தெருமுனையிலேயே நின்றுகொண்டிருப்பார்.