அக்காவுக்காக ஒரு பையனைத் தேடினோம்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு பையனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அறுபதுகளின் நடுவில், கடலூர் முதுநகரில் குடியிருந்தோம். அக்கா பத்தாம் வகுப்பு. நான் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு.

கணக்கில் அக்காதான் எப்போதும் முதல். தீபாவளி கழிந்ததும் அவளுக்கு என்னவோ ஆனது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். தலை பின்னக்கூட அலுத்துக்கொள்வாள். என்ன கேட்டாலும் எரிந்து விழுவாள். மாதப் பரீட்சையில் கணக்கிலேயே ஃபெயில். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு விடைத்தாளை அவர்கள் மேஜைமேல் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாளாம்.

அப்பா அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார். அம்மா திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து இறங்கி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

“இது லவ்வு. வேற ஒண்ணும் இல்ல.”

அக்காவைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். “யாருன்னு சொல்லிடும்மா. மாமா ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

“யாரும் இல்ல மாமா. எனக்கே ஒண்ணும் புரியல. என்னை உட்டுடுங்க.”

“எப்படி மறைக்கிறா பாருங்க!” என்றார் மாமா, அப்பாவிடம்.

தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்ப்பதென்று முடிவாயிற்று. அதற்குள் அவள் பின்னாலேயே போய் அந்தப் பையனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு ஒரே பெருமை. ஆனால் அவள் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாளே தவிர, யாரோடும் பேசவில்லை. கெட்டிக்காரி என்றார் மாமா.

ஒரு காலையில் அக்கா பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள். சிதம்பரம் போகிற பாசஞ்சர் நின்றிருந்தது. இன்றைக்கு மாட்டினான் என்று நானும் அடுத்த பெட்டியில் தொற்றிக்கொண்டேன். டிக்கெட் என்று ஒன்று உண்டென்பதே நினைவில் இல்லை.

சிதம்பரத்தில் இறங்கியவள் யாரையும் பார்க்காமல் கோயிலுக்குள் போனாள். சாமி கும்பிடவில்லை. சிவகங்கைக் குளத்தின் படிகளில் இறங்கி, பாதங்கள் தண்ணீருக்குள் இருக்க உட்கார்ந்தாள். நான் தூண் மறைவில் நின்றேன். வெயில் ஏறியது. பையன் வரவில்லை. அக்கா எழுந்து இன்னும் ஒரு படி இறங்கினாள். பாவாடை நனைந்தது. எனக்கோ பசி பொறுக்கவில்லை.

“அக்கா, பசிக்குதுக்கா.”

திரும்பினாள். யாரோ என்பதுபோல என்னை வெகுநேரம் பார்த்தாள். “நீ எங்கடி வந்த?” என்று கேட்டாள். அப்புறம் அழுதாள். மேலே ஏறி வந்து டிபன் பாக்ஸைத் திறந்து எனக்குத் தயிர்சாதம் ஊட்டினாள். அவளும் ரெண்டு வாய் சாப்பிட்டாள்.

“யாரு வரேன்னாங்க?” என்றேன்.

“யாரும் இல்லடி. கிளாஸ்ல உக்கார முடியல. இங்க வந்தாலும் அப்படியேதான் இருக்குது.”

சாயங்காலம் வீட்டில், “பையன் எந்த ஊரு?” என்று மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். வரவேயில்லை, அக்கா கோயில் குளத்தில்தான் இறங்கினாள் என்றேன். அம்மா பையனைப் பற்றிக் கேட்கவில்லை. “எது வரைக்கும் எறங்குனா?” என்றாள். முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

மறுநாள் மாமா ஊருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைப் பேச்சும் அதோடு நின்றது. “படிப்பு ஒரு வருஷம் போனா போவட்டும்” என்று அம்மா அப்பாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். அக்கா மெதுவாகத்தான் தேறினாள். அடுத்த ஜூனில் அதே பத்தாம் வகுப்பில் மறுபடி போய் உட்கார்ந்தாள்.

அதுவரை அவள் கிணற்றடிக்குப் போனாலும் கொல்லைக்குப் போனாலும் அம்மா எனக்கு ஜாடை காட்டுவாள். ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் பின்னாலேயே ஓட வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவுக்கு இன்னும் அந்தப் பையன்மேல் சந்தேகம் தீரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.