குடியிருப்பதைக் காட்டப் போன பயணம்

யாழ்ப்பாணத்தில் எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. இது அந்த வகைப் பயணம் அல்ல. எங்கள் சொந்தக் காணியில் நாங்கள் குடியிருக்கிறோம் என்று ஓர் உத்தியோகத்தருக்குக் காட்டுவதற்காக, ஓகஸ்ட் விடுமுறையில் புத்தளத்திலிருந்து போய் வந்தோம். எங்களைப் போல வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் கள ஆய்வுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது உதவக்கூடும்.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வாப்பா யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பக்கம் பிறந்தவர். போர்க்காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது அவருக்கு எட்டு வயது. இப்போது புத்தளத்தில் ஒரு தையற்கடையில் வேலை செய்கிறார். நான் புத்தளத்திலேயே பிறந்து அங்கேயே படிக்கிறேன். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. வாப்பா பிறந்த வீட்டின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கூரையோ கதவோ இல்லை. திரும்பி வருகிற குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் திட்டத்தில் எங்கள் பெயரும் இருந்தது. கள ஆய்வுக்கு வருகிறவர் “நிரந்தரமாகத் திரும்பியவர்கள்” என்று எழுதினால் வீடு கிடைக்கும். எழுதாவிட்டால் பெயர் வெட்டுப்படும்.

திங்கட்கிழமை மாலை தொலைபேசி வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருவார்களாம். செவ்வாய் அதிகாலை ஐந்தரைக்கு நாங்கள் பஸ் ஏறினோம். அநுராதபுரம், வவுனியா வழியாகச் சுமார் 270 கிலோமீற்றர். வலது பக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், வவுனியாவுக்குப் பிறகு வெயில் முழுவதும் அந்தப் பக்கம்தான் அடித்தது. எங்களிடம் மூன்று பைகளும், ஒரு தார்ப்பாயும், பானை சட்டி கட்டிய ஒரு சாக்கும் இருந்தன. உம்மா தன் கலியாணத்துக்குக் கிடைத்த ஆறு கண்ணாடிக் கோப்பைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்ததும், அதுவரை பேசிக்கொண்டே வந்த வாப்பா எழுந்து நின்று வெளியே பார்த்தார்.

யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கும்போது ஒரு மணி ஆகவில்லை. அங்கிருந்து ஓட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபா. ஓட்டோக்கார அண்ணை சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னண்ணை, கலியாண வீட்டுச் சமையலுக்கோ போறியள்?”

“இல்லைத் தம்பி. வீட்டை போறம்.”

“ஆற்றை வீட்டை?”

“என்ரை வீட்டைதான்,” என்றார் வாப்பா. அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அன்று பின்னேரம் முழுவதும் வேலை. வாப்பா உள்ளே முளைத்திருந்த பூவரசங் கன்றுகளை வெட்டினார். நான் சுவரிலிருந்து பாசியைச் சுரண்டினேன். குசினியாக இருந்த மூலையை உம்மா மூன்று தரம் கூட்டிக் கழுவினார். முன்னறைக்கு மேலே தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழேயே படுத்தோம். இரவுச் சாப்பாடு பக்கத்து வீட்டு பரீதா ராத்தா அனுப்பிய இடியப்பமும் மீன் சொதியும். அவர் சில வருடங்களுக்கு முன்பே திரும்பி வந்து, இதே திட்டத்தில் வீடு பெற்றவர். காலைச் சாப்பாடும் அவர் வீட்டிலிருந்தே வந்தது. உம்மா தேநீரைக்கூடக் கடையில் வாங்கிச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்தார். அரசாங்கத்திலிருந்து ஒருவர் வரும்போது வீடு புகை நாறக்கூடாதாம். பத்து மணிக்கு மூன்று பேரும் பெருநாள் உடுப்போடு வாசலில் நின்றோம்.

வந்தவர் இளம் வயதுக்காரர். கரவெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்ததாகச் சொன்னார். உம்மா கண்ணாடிக் கோப்பையில் தேநீர் கொடுத்தார். அவர் அதை மரியாதையோடு வாங்கிக் குடித்துவிட்டு, நேரே குசினிக்குப் போனார். அடுப்புக் கற்களைப் பார்த்தார். அதில் சாம்பல் இல்லை. கிணற்றடியில் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அது ஈரமாக இருந்தது. பிறகு கொடியைப் பார்த்தார். அதில் ஒரு துணியும் இல்லை. உம்மா எல்லாவற்றையும் மடித்துப் பையில் வைத்திருந்தார்.

“எப்ப வந்தனீங்கள்?” என்று கேட்டார்.

வாப்பா என்னைப் பார்த்தார். பிறகு, “நேற்று,” என்றார்.

“தங்கச்சி எந்தப் பள்ளிக்கூடம்?”

நான் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். பெயரிலேயே ஊர் இருந்ததால், புத்தளம் என்று தனியாகச் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஆனால் நான் அந்தத் திட்டத்தின் சுற்றறிக்கையை வாசித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதனால் கேட்டேன்: “சேர், இருக்கத்தக்க வீடு இல்லாத ஆக்களுக்கு முன்னுரிமை எண்டு சுற்றறிக்கையில இருக்கே?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “ஓம் தங்கச்சி, இருக்கு. அதுக்குக் கீழை என்ன இருக்கு?”

கீழே இருப்பதும் எனக்குத் தெரியும். விண்ணப்பிக்கும் குடும்பம் அந்தக் காணியில் நிரந்தரமாக வசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“கூரை இல்லாத இடத்தில பொம்பிளைப் பிள்ளையை வச்சுக்கொண்டு எப்பிடித் தம்பி வசிக்கிறது?” என்று உம்மா கேட்டார்.

“கூரை இல்லாதபடியாத்தானே அக்கா இந்தத் திட்டமே,” என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ பட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

வாப்பா மெல்லச் சிரித்தார். “நீங்கள் கரவெட்டியில இருந்து நாளும் வந்து போறியள். உங்களை ஆரும் இந்த ஊர் இல்லை எண்டு சொல்லினமோ?”

“அண்ணை, என்னோடை பகிடி விடுங்கோ, கோவிக்க மாட்டன். ஆனா நான் கண்டதைத்தான் எழுதலாம். போன முறை ஒரு ஆளுக்குப் பாவம் பாத்து எழுதி, விசாரணைக்குப் போய் வந்தனான்.” அவர் கையிலிருந்த படிவத்தைப் புரட்டினார். “ஒண்டு செய்யலாம். இப்ப ‘ஆட்கள் இருக்கவில்லை’ எண்டு எழுதாமல் பிறகு பாக்கிறதுக்கு விடுறன். இந்த வருசம் முடிய முதல் திரும்ப வருவன். சொல்லிப்போட்டு வர ஏலாது. அப்ப இஞ்சை ஆள் இருக்க வேணும்.”

அவர் போனதும் பரீதா ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நடந்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். “அடி ஆத்தே! கரி பிடிச்ச சட்டி ஒண்டு கேட்டிருந்தா நான் தந்திருப்பனே. நாலு பழைய சீலையைக் கொடியில போட்டிருக்கலாம். நீ என்ன, மாப்பிள்ளை வீட்டார் வாற மாதிரி துடைச்சு வச்சிருக்கிறாய்?”

“வாறவருக்குக் கரிச்சட்டியைக் காட்டச் சொல்றீங்களா ராத்தா?” என்றார் உம்மா. கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

மத்தியானம் வாப்பா கடை முதலாளியோடு தொலைபேசியில் கதைத்தார். கதைத்துவிட்டு எங்களிடம் வந்தார். “நீங்க ரெண்டு பேரும் போங்க. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கப் போகுது. நான் இருக்கிறன்.”

“இந்தத் தார்ப்பாயிக்குக் கீழயா? ஐப்பசியில மழை பிடிச்சா?” என்று உம்மா கேட்டார்.

“மழைக்கு முதல் வந்திடுவார்.”

“வராட்டி?”

வாப்பா தார்ப்பாயின் ஒரு முனையை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டத் தொடங்கினார்.

கள ஆய்வுக்குப் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். அழைப்புக்கும் வருகைக்கும் இடையில் இரண்டு நாள்கூடக் கிடைக்காது. எனவே முடிந்தால் அழைப்புக்குக் காத்திராமல் முன்பே போய்த் தங்குங்கள். அங்கேயே சமையுங்கள், சமைத்த சட்டியைத் தேய்க்காதீர்கள். துணியைக் கொடியிலேயே விடுங்கள். கழிப்பறை இல்லாவிட்டால் வெட்கப்படாமல் அயலவரிடம் கேளுங்கள், தருவார்கள். வருகிற உத்தியோகத்தரைக் கோபிக்காதீர்கள். சுற்றறிக்கையின் அந்தப் பந்திகளை எழுதியவர் அவர் அல்ல. எழுதியவர்கள் ஒரு நாளாவது அந்தத் தார்ப்பாயின் கீழ் இருந்து பார்த்தால் நன்றாக இருக்கும். குடும்பங்களைத் திரும்பக் கூட்டி வருவதற்கான திட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சேர்ந்திருந்த மூன்று பேரை இரண்டு ஊர்களில் வைத்துவிட்டது. இதை எந்த அலுவலகத்தில் முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழன் காலை ஏழு மணி பஸ். வாப்பா நிலையம் வரை வந்து, மூவர் இருக்கையில் எங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி, பஸ் நகரும்வரை வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உம்மா அவர் இறங்கிப்போன ஓரத்தில் தன் கைப்பையை வைத்தார். சாவகச்சேரியில் ஆட்கள் ஏறினார்கள், பை அங்கேயே இருந்தது. கொடிகாமத்தில் ஒரு அம்மா மாம்பழக் கூடையோடு ஏறி எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

“பிள்ளை, இதிலை ஆரும் இருக்கினமோ?”

உம்மா பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் இன்னொரு தரிப்பிடத்தையும் தாண்டிவிட்டது. பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இல்லை,” என்றார். “இருங்க.”