பள்ளிக்கூடத்துக்குக் கொட்டிய மண்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வரும். சிலது மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர். இது நடந்தது, கொரோனாவுக்குப் பூட்டிய பள்ளிக்கூடத்தைத் திறந்ததற்கு அடுத்த வருடம் என்று நினைக்கிறேன். ஐப்பசி மாதம் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

முதலில் மண் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் சின்னது. ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு காரைக் கட்டடம், நடுவில் ஒரு வேப்பமரம். நானும் அங்கேதான் படித்தேன். இப்போது என் வீடு அதன் மதிலை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கூடத்து மைதானம் பள்ளம். மழை பெய்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கே வந்து நிற்கும். காலையில் பிள்ளைகள் செங்கல்லைப் போட்டு அதன் மேல் நின்றுதான் சாமி கும்பிடுவார்கள். ஒரு வருடம் தண்ணீர்ப் பாம்பு வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது.

அந்தக் கோடையில் ஊர் கூடிப் பேசினார்கள். புயலில் முந்திரி மரங்கள் போனதிலிருந்து யார் கையிலும் காசு புழங்காத ஊர். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு என்றதும் ஒருத்தரும் பின்வாங்கவில்லை. டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் டிராக்டர் விட்டார்கள். வார்டு மெம்பர் தன் செலவில் பொக்லைன் கொண்டுவந்தார். குளம் காய்ந்து கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், டிராக்டர் இறங்க வசதியாக இருந்த வடக்கு மூலையில் வெட்டினார்கள். மேலே கரம்பை வண்டல், அதற்குக் கீழே நல்ல செம்மண். செம்மண் வரட்டும் என்று ஆழமாகவே வெட்டினார்கள். நாங்கள் பெண்கள் புளிச்சோறு கிளறி, டிரைவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிள்ளைகள் ஒவ்வொரு டிராக்டர் பின்னாலும் தேர் இழுக்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினார்கள். மண்ணைப் பரப்பி முடித்ததும் பெரிய டீச்சர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

வெட்டிய குழியைப் பற்றி யாரோ கேட்டார்கள். "மழைக்கு முன்னாடி ஓரத்தைச் சரிச்சு விட்டு மட்டம் பண்ணிரலாம்" என்றார் மெம்பர். சரி என்றோம். மழை முந்திக்கொண்டது. குளம் நிறைந்தது. குளம் நிறைந்த சந்தோஷத்தில் குழி யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்ததிலிருந்தே ஒரு பேச்சைச் சொல்லி வளர்ப்போம். மடைப்பக்கம் போகாதே, அங்கே ஆழம். வடக்கு மூலையில் இறங்கு, இடுப்புக்கு மேல் இருக்காது. என் ஆத்தா எனக்குச் சொன்னாள். நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். குளத்தின் அடி மாறிவிட்டது. எங்கள் வாயில் இருந்த பேச்சு மாறவில்லை.

அன்றைக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தின விழா. ஊரே அலங்காரம் செய்துகொண்டிருந்தது. ஒரு தெரு மாவிலைத் தோரணம், ஒரு தெரு கோலம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலுக்கு அல்லிப் பூ கொண்டுவருகிறோம் என்று தாங்களாகவே சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் பெண் பிள்ளைகள். எந்நேரமும் ஒன்றாகத்தான் திரிவார்கள். ஒருத்தி நல்ல உயரம். இன்னொருத்தி குள்ளம், வாயாடி. வாயாடியின் அம்மா எனக்குத் தூரத்துச் சொந்தம். அவள் என்னை அயித்தை என்று கூப்பிடுவாள், மகள் அப்பத்தா என்பாள்.

சாயங்காலம் நான் கரையில் ஆட்டை மேயவிட்டிருந்தேன். பிள்ளைகள் வந்தார்கள்.

"அப்பத்தா, ஒங்க வீட்டு வாசலுக்கும் ரெண்டு பூ வேணுமா?" என்றாள் வாயாடி.

"எனக்கு எதுக்குடி? ஆடு தின்னுப்புடும்."

"அப்ப ஆட்டுக்கு ரெண்டு பறிச்சாரேன். அதுவும் நாளைக்கு விழாவுக்கு வரட்டும்."

உயரமானவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். "பாத்து எறங்குங்கடி" என்றதற்கு, "எங்கம்மா சொல்லித்தான் அனுப்பிச்சு. மடைப்பக்கம் போவாத, இங்கிட்டே எறங்குன்னுச்சு" என்றாள் வாயாடி.

நான் ஆட்டின் பக்கம் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சுக் குரல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அப்புறம் தண்ணீர் அடிபடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் தலை தெரியவில்லை. கைகள்தான் தெரிந்தன.

எனக்கு நீச்சல் தெரியாது. கத்தினேன். கத்திக்கொண்டே சேலையை அவிழ்த்தேன். வீட்டுக்கு யாராவது ஆம்பிளையாட்கள் வந்தாலே கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு வீசினேன். எட்டவில்லை. இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் இறங்கி மறுபடி வீசினேன். ஒரு கை பிடித்தது. யார் கை என்று தெரியாது. பிடித்த பிடியை வைத்து இழுத்தேன். கரைக்கு வந்தது உயரமானவள்.

அவளைப் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி சேலையை வீசினேன். மறுபடி, மறுபடி வீசினேன். பிடிக்க அங்கே கை இல்லை. பறித்த அல்லிப் பூ தண்டோடு மிதந்துகொண்டிருந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து குதித்தார்கள். குழி இருக்கிறது என்பதே அவர்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஏய், மண்ணு வெட்டுன குழிடா, மண்ணு வெட்டுன குழிடா" என்று ஒருத்தர் தலையில் அடித்துக்கொண்டார். யாரோ என் மேல் துண்டைப் போர்த்தினார்கள். நிமிர்ந்து பார்த்தால் மெம்பர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனதோடு சரி.

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. தெரு முக்கோடு நின்றுவிட வேண்டும். குழியில் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவது ஆம்பிளையாட்கள்தான். அன்றைக்கு வாயாடியின் தாய் முக்கில் நிற்கவில்லை. பின்னாலேயே போனாள்.

"நானும் வாரேன் மாமா. ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்திர்றேன். வேற ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"பொம்பளையாளு அங்கிட்டு வரக் கூடாது தாயி. வீட்டுக்குப் போ" என்றார்கள்.

அவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். வருகிற வழியில் என் காதில் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அயித்தை, இங்கிட்டே எறங்குன்னு நான்தான் சொன்னேன்."

அதன் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இல்லை. விழா இல்லை. கட்டிய தோரணம் காய்ந்து தொங்கியது, அதை அவிழ்க்கக்கூட யாருக்கும் கை வரவில்லை. மைதானத்தில் பிள்ளைகளை விளையாட விடத் தாய்மார்களுக்கு மனசு இல்லை. அந்தக் குழியில் இருந்த மண்தானே இங்கே கிடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பலர் கடன்பட்டு வேன் வருகிற பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். மிச்சம் இருந்த பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்தார் பெரிய டீச்சர். இப்படியே போனால் மூடிவிடுவார்கள் என்ற பேச்சும் வந்தது. மெம்பர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. பிழைத்த பிள்ளை, அந்தத் தாய் வருகிற தெருவில் நடக்க மாட்டாள். எதிரே பார்த்துவிட்டால் சந்துக்குள் ஓடிப்போய் நிற்பாள்.

பங்குனியில் குளம் வற்றியது. குழி வாயைத் திறந்துகொண்டு வெளியே தெரிந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

ஒரு நாள் காலையில் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிய பெண்களோடு அந்தத் தாயும் மண்வெட்டி, சட்டியோடு வந்தாள். ஆனால் வேலைக்குப் போகவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து மைதானத்தை வெட்ட ஆரம்பித்தாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய டீச்சர் ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றே?"

"எம்புள்ளைக்கு நான் மண்ணு போடல டீச்சர். இப்பப் போட்டுக்கிறேன்."

அவள் சட்டியை நிரப்பித் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தாள். குழியில் கொட்டினாள். திரும்பி வந்தாள். மறுபடி வெட்டினாள். அழவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

யாரோ போய்ச் சொல்லி, மெம்பர் வந்தார். இத்தனை மாதத்தில் அவர் அவளுக்கு முன்னால் வந்து நின்றது அன்றைக்குத்தான்.

"தாயி, நீ வெட்டாத. வேற எடத்துலேருந்து மண்ணு கொண்டாந்து இன்னிக்கே மூடிர்றேன். இந்த மண்ண எடுத்துட்டா மறுபடி இங்க தண்ணி நிக்கும்த்தா."

"நிக்கட்டும்ணே. தண்ணி நின்னா காலுதான் நனையும்."

அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. கூட்டம் என்றால் ஒதுங்குகிறவள், என் வீட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவளுக்கு எதிரே சட்டியை வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, என் சட்டியில் மண்ணை அள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நூறு நாள் வேலையில் இருக்கிற அரட்டை, சிரிப்பு ஒன்றும் இல்லை. மண்வெட்டிச் சத்தம் மட்டும்தான். பெரிய டீச்சரும் முந்தானையைச் செருகிக்கொண்டு மண் சுமந்தார். ஆம்பிளையாட்கள் மதிலோரம் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் போடக் கூடாது என்று சொல்லவில்லை.

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அந்த உயரமான பிள்ளையும் வந்தாள். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஒரு சின்னச் சட்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றுவிட்டாள். அந்தத் தாய்க்கு முன்னால் அவள் முறை வந்தது.

தாய் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். மண்ணை அரைச் சட்டிதான் போட்டாள். தன் முந்தானையைக் கிழித்துச் சும்மாடு கோலிப் பிள்ளையின் தலையில் வைத்தாள். சட்டியைத் தூக்கி அதன் மேல் ஏற்றிவிட்டாள்.

"மெதுவாப் போ" என்றாள். "ஓரமா நின்னு கொட்டு."

அவ்வளவுதான் பேசினாள். பிள்ளை போய்க் கொட்டிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து கதறி அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தாய்க்கும் அழுகை வந்தது.

சட்டியில் சுமந்து மூடுகிற குழியா அது? மறுநாளிலிருந்து டிராக்டர்களும் வந்தன. ஆனால் முதல் நாள் பெண்கள் சுமந்து முடிக்கிறவரை யாரும் டிராக்டரைத் தொடவில்லை. குளத்திலிருந்து வந்த மண் முழுக்கக் குளத்துக்கே போனது.

வேன் பள்ளிக்கூடத்துக்குப் போனதில் சில பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. பள்ளிக்கூடம் இன்னும் மூடவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஐப்பசி வந்தால் மைதானத்தில் முன்பு போலவே தண்ணீர் நிற்கிறது. பிள்ளைகள் செங்கல்லைப் போட்டு நிற்கிறார்கள். புதிதாக வந்த டீச்சர், "ஊர்ல சொல்லி மண்ணடிக்கலாமே" என்று கேட்டார். ஆளுக்கு ஒரு வேலையைச் சொல்லிக் கலைந்துவிட்டோம்.

நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தது நல்ல காரியம்தான். கொட்டின இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம், வெட்டின இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்று சொல்வதற்கு முன்னால், நானே குச்சியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் ஊன்றிப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.

வருடமோ மாதமோ நான் தப்பாக எழுதியிருக்கலாம். மெம்பர் சொன்ன வார்த்தை அப்படியே அதுதானா என்பதும் நிச்சயமில்லை. இதை அச்சில் போடுகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் யாரையாவது விசாரித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். பெரிய டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டாலும் அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அந்தத் தாயிடம் மட்டும் கேட்க வேண்டாம்.